பளுகல் வழியாக ஏன் சுற்றிப் போகிறேன்

களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு நேர் ரோடு இருக்கும்போது மேல்புறம், பளுகல் என்று ஏன் சுற்றுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. பெட்ரோல் விற்கிற விலை தெரியுமா என்கிறார்கள். மழை பெய்தால் அந்த உள்ரோடு கிடக்கிற கிடப்பைச் சொல்கிறார்கள். "அங்க ஒரு வேலை இருக்கு" என்று சொல்லி இதுவரை சமாளித்து வந்தேன். அது பொய். உண்மைக் காரணத்தை இன்று எழுதிவிடுகிறேன்.

என்னால் இஞ்சிவிளையைத் தாண்ட முடியாது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1956 நவம்பர் 1-ம் தேதி எல்லைக்கோடு விழுந்தபோது குமரி மாவட்டம் இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு வந்தது, பாறசாலை அந்தப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. சொந்தபந்தம், சபை, கல்யாணம், சாவு எல்லாம் இன்றைக்கும் இரண்டு பக்கமும்தான். ஒன்றில் மட்டும் கோடு சரியாக வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளத்தில் 1967-லிருந்து அரசாங்கமே நடத்துகிறது. அதனால் களியக்காவிளையைத் தாண்டியதும் இஞ்சிவிளையில் கண்ணில் படுவது லாட்டரிக் கடை. தோரணம் மாதிரி டிக்கெட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

பாறசாலையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் காலையும் மாலையும் அந்தக் கடைகளைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன், 30 ரூபாய். அப்புறம் தினமும் ஒன்று. ஒருநாள் கடைசி நாலு எண்ணில் ஆயிரம் ரூபாய் அடித்தது. என்னைக் கெடுத்தது அந்த ஆயிரம் ரூபாய்தான். அதற்குப் பிறகு 'செட்' எடுக்க ஆரம்பித்தேன். கடைசி நாலு எண் ஒன்றாக இருக்கிற பன்னிரண்டு டிக்கெட்டைச் சேர்த்து விற்பார்கள். டிக்கெட் 40 ரூபாய் ஆன காலத்தில் ஒரு செட் 480 ரூபாய். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் மேஜைக்குள் கையை விடுவார். "சேட்டா, எடுத்து வெச்சிட்டுண்டு" என்பார். நமக்கென்று ஒருவர் எடுத்து வைத்திருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குலுக்கல் மத்தியானம் மூன்று மணிக்கு. இரண்டரையிலிருந்தே எனக்குக் கணக்கு ஓடாது. ஆணி எத்தனை கிலோ என்று ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பார், என் காதில் விழாது.

இதெல்லாம் நடந்த காலம் முழுவதும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனையை விட்டதில்லை. சபையில் கமிட்டி மெம்பர். வீட்டு ஜெபக் கூட்டத்தில் வசனம் சொல்வேன். வெளியே நல்லவனாக நடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு விசுவாசம் இருந்தது, டிக்கெட்டும் இருந்தது, இரண்டும் ஒரே சட்டைப் பையில் கிடந்தன. டிக்கெட்டை வேதாகமத்துக்குள், சங்கீதப் பக்கத்தில் வைத்து ஜெபித்திருக்கிறேன். ஆண்டவரே, அடித்தால் பத்தில் ஒன்று உமக்கு என்று பேரம் பேசியிருக்கிறேன்.

என் கையில் வசனமும் இருந்தது. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." நீதிமொழிகள் 16:33. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே தேர்ந்தெடுத்தார்கள், அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் இருக்கிறதே என்று என் மனைவியிடமே வாதாடினேன். சனிக்கிழமை வருகிற டிக்கெட்டின் பெயர் காருண்யா. அந்தப் பணத்தில் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை உதவி கொடுக்கிறார்கள், அது உண்மை. அதையும் சேர்த்துக்கொண்டேன். தர்மம் செய்வதாகவே எனக்குப் பட்டது.

வனாந்தரத்தில் பிசாசு இயேசுவிடம் பேசியதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதியும் என்று சொல்லும்போது அவனும் ஒரு சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொல்கிறான், 91-ம் சங்கீதம். எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. நம்மை விழவைக்க வருவது அசிங்கமான முகத்தோடு வராது. வசனத்தோடு வரும், காருண்யா என்று பேர் வைத்துக்கொண்டு வரும்.

2020 ஊரடங்கில் குலுக்கல் நின்றுபோனது. எல்லையும் அடைத்துவிட்டார்கள். அந்த மாதங்களில் எனக்கு லாட்டரி ஞாபகமே அதிகம் வரவில்லை. ஆண்டவர் என்னை விடுவித்துவிட்டார் என்று குடும்ப ஜெபத்தில் சாட்சி சொன்னேன். எல்லை திறந்த முதல் வாரமே செட் எடுத்தேன். கடை மூடியிருந்த காலத்தை நான் ஜெயித்த காலமாக எண்ணியிருந்தேன். எத்தனையோ பேருடைய பரிசுத்தம் இப்படி வாய்ப்புக் கிடைக்காததால் நிற்கிற பரிசுத்தம்தான் என்பது என் எண்ணம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் தனியறையில் கையில் போனோடு இருக்கிற நம் பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 2020 ஞாபகம் வரும்.

இனி சொல்லக் கஷ்டமான இடம்.

2022. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்தது. தெரியாதவர்களுக்கு: அவரவர் விளையில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், சேவல், ஒரு பாட்டிலில் தேன். தனியாக இருக்கிற ஒரு வயதான அம்மா அஞ்சு நாட்டுக்கோழி முட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஏலத்தில் அது 300 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் அந்த முட்டையைத் திரும்ப அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டார். ஏலக் கணக்கு எழுதியது நான். பணம் என்னிடம் இருந்தது, பேங்கில் கட்ட வேண்டியது.

அந்த வருஷம் ஓணத்துக்கு நடத்துகிற பெரிய குலுக்கலான திருவோணம் பம்பரின் முதல் பரிசை 25 கோடியாக ஏற்றியிருந்தார்கள். டிக்கெட் 500 ரூபாய். என் பணத்தில் இரண்டு எடுத்தேன். அப்புறம் ஏலப் பணத்திலிருந்து 6,000 எடுத்து இன்னும் பன்னிரண்டு வாங்கினேன். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்றுதான். திருடன் எவனும் திருடுகிறேன் என்று நினைத்து எடுப்பதில்லை.

குலுக்கல் செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. காலையில் திருவிருந்து ஆராதனை. முழங்கால் படியிட்டேன். அப்பத்தைக் கையில் வாங்கும்போது என் மனசில் ஓடியது ஒரு டிக்கெட்டின் எண். இதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு முடிவு வந்தது. 60 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்ற குலுக்கல் அது. என்னுடைய பதினாலில் ஒன்றுக்கும் ஒரு பைசா இல்லை.

(25 கோடி அடித்தது திருவனந்தபுரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு. உதவி கேட்டு வருகிறவர்கள் கூட்டத்தில் நிம்மதியே போய்விட்டது என்று சில நாளிலேயே அவர் வீடியோவில் சொன்னார். அதைக் காட்டிப் பணம் வந்தால் கெடுதல் என்று பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் நன்றாக இருக்கட்டும். என் பாவம் அவருக்கு நடந்ததைப் பொறுத்தது இல்லை.)

அதே வருஷம் மே 15-ம் தேதிதான் கத்தோலிக்க சபையில் தேவசகாயம் பிள்ளையைப் புனிதராக அறிவித்தார்கள். நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபை, ஆனாலும் நட்டாலம் எங்களுக்குப் பக்கத்து ஊர், அந்த மாதம் நானும் போய்வந்தேன். 1712-ல் அங்கே பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, 1745-ல் ஞானஸ்நானம் எடுத்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால் பழைய வேலையும் வீடும் திரும்பக் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. சித்திரவதை, சிறை என்று மூன்று வருஷம் போனது. 1752 ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். நட்டாலத்தில் நின்றபோது கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சோதனை எனக்கு வந்தால் நானும் நிற்பேன் என்று நிஜமாகவே நினைத்தேன். நாலு மாதத்தில் அந்த அம்மாவின் முட்டைக் காசை எடுத்தேன்.

இதை மனசில் போட்டு வெகுநாள் புரட்டிய பிறகு எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான், இந்தப் பதிவே அதற்காகத்தான். சோதனை என்றதும் நம் பிரசங்கங்களில் எல்லாம் "எதிர்த்து நில்" என்கிறார்கள். பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்று யாக்கோபு எழுதியிருப்பது உண்மைதான். விசுவாசத்தை விடு என்று மிரட்டும்போது நிற்க வேண்டும், தேவசகாயம் நின்றது அப்படித்தான். ஆனால் இச்சை வருகிற இடத்தில் வேதம் நிற்கச் சொல்லவே இல்லை. யோசேப்பு போத்திபாரின் மனைவிக்கு முன்னால் நின்று ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு வெளியே ஓடினான். ஐசுவரியவான்களாக விரும்புகிறவர்கள் சோதனையிலும் கண்ணியிலும் விழுகிறார்கள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், இரண்டு வசனம் தள்ளி "நீயோ, தேவனுடைய மனுஷனே, இவைகளை விட்டோடி" என்கிறார். ஓடு என்பதுதான் அங்கே கட்டளை.

நான் செய்தது என்ன? எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல் என்று காலையில் ஜெபித்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு நேராக இஞ்சிவிளைக்குப் போனேன். தினமும் அந்தக் கடைக்கு முன்னால் என் பலத்தைச் சோதித்துப் பார்த்தேன். பத்து நாள் ஜெயித்தால் பதினோராவது நாள் விழுந்தேன்.

எங்கள் சபையில் ஓர் அண்ணன் இருக்கிறார். ரப்பர் பால் வெட்டுகிறவர். விடிகிறதற்கு முன்னால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார், பத்து மணிக்குள் பாலெடுத்து ஷீட் அடித்து முடித்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். அக்டோபரில் ஒருநாள் அவர் ஒட்டுக்கறையை (வெட்டின இடத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாக்கின் வாயைக் கட்டி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நீ எந்த வழியா வேலைக்குப் போற?"

சொன்னேன்.

"நாளைக்கு பளுகல் வழியாப் போ."

அவ்வளவுதான். ஜெபம்கூட அதற்கு அப்புறம்தான் செய்தார். அந்த வழியிலும் லாட்டரிக் கடை இருக்கிறது, கேரளம்தானே. ஆனால் அங்கே என்னை யாருக்கும் தெரியாது. எனக்கென்று எதையும் யாரும் எடுத்து வைப்பதில்லை. தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று கொரிந்தியருக்கு எழுதியதைப் படிக்கும்போது அந்தப் போக்கு ஏதோ உள்ளத்துக்குள் திறக்கிற கதவு என்று நினைத்திருந்தேன். எனக்கு அது மேல்புறத்தில் திரும்புகிற ஒரு குண்டும் குழியுமான ரோடாகத்தான் வந்தது.

பணத்தை மூன்று மாதச் சம்பளத்தில் திருப்பிக் கட்டினேன். கமிட்டியில் எழுந்து நின்று சொன்னேன். கணக்கு எழுதும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்தார்கள். எடுத்ததுதான் சரி. சிலர் மன்னிப்பு என்றால் பழைய நாற்காலியைத் திரும்பக் கொடுப்பது என்று என் சார்பாகவே பேசினார்கள். வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, அது வேறு. அந்த முட்டை கொண்டுவந்த அம்மாவின் வீட்டுக்கும் தனியாகப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2023 செப்டம்பரில் மறுபடியும் ஒரு சோதனை. அந்த வருஷ ஓணம் பம்பர் 25 கோடி, வாளையாறில் விற்ற டிக்கெட், திருப்பூர்க்காரர்களுக்கு அடித்தது. தமிழ்நாட்டு ஆளுக்கு விழாது என்று மனசுக்குள் சொல்லிவைத்திருந்த சமாதானம் அன்றோடு போனது. அன்று மாலை நேர் ரோட்டில் வீட்டுக்குப் போகலாம், சும்மா பார்க்கத்தானே என்று தோன்றியது. பைக்கைத் திருப்பியும்விட்டேன். அப்போது போன் அடித்தது. அண்ணன்தான். "எங்க நிக்க?" என்றார். நிற்கிற இடத்தை மறைக்காமல் சொன்னேன். "திரும்பி வா, நான் பளுகல்ல நிக்கேன்" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது டீக்கடை வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். செய்தியைப் பார்த்ததும் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

இப்படி ஓர் ஆள் இல்லாமல் யாராலும் இதிலிருந்து வெளியே வர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் சபைகளில் விடுதலை கிடைத்த பிறகு சாட்சி சொல்ல மைக் கொடுக்கிறோம். நடுவில் தத்தளிக்கிறவன் வாயைத் திறக்க இடமே இல்லை. போதகர் ஐயர்மார்களும் கமிட்டிக்காரர்களும் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகளில் வேதாகமத்துக்குள் டிக்கெட் இருக்கிறதோ.

அண்ணன் இன்றைக்கும் தினமும் மத்தியானம் 2.45-க்குக் கூப்பிடுகிறார். விடியற்காலை வேலைக்குப் போகிறவர் தூங்கும் நேரம் அது, அலாரம் வைத்து எழுந்திருக்கிறார். பேச்சு அரை நிமிஷம்கூட இருக்காது. "எங்க நிக்க?" "கடையில அண்ணா." "சரி, வேலையைப் பாரு."

லாட்டரியோ, குடியோ, போனில் பார்க்கிற அசிங்கமோ, எதுவாக இருந்தாலும் இதைப் படிக்கிற ஒருவருக்கு இப்படிக் கூப்பிட ஆள் இல்லையென்றால் இன்பாக்ஸில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். உங்களுக்கு எந்த நேரம் கஷ்டமான நேரம் என்று மட்டும் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு நான் கூப்பிடுகிறேன்.