காயத்தைக் காட்டிச் சொன்ன சமாதானம்

நத்தார் ஒளிவிழாவுக்கு வெள்ளைத் துணி எடுக்க, மட்டக்களப்பு டவுனுக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போகிறேன், பெரிய பிள்ளைகள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போக விருப்பம் என்று ஞாயிறு பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு தாய் கேட்டார்: “ஏன் டீச்சர், டவுனில துணி இல்லையா?”

அந்த இடத்தில் வைத்து ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998-லிருந்து காத்தான்குடியில் ஒரே ஒரு கடையில்தான் துணி எடுத்தேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, “இந்த முறை எத்தனை மலக்கு, டீச்சர்?” என்பதுதான். தேவதூதர் வேசம் போடும் பிள்ளைகளைத்தான் கேட்பார். நாங்கள் தேவதூதர் என்போம், அவர்களுக்கு மலக்கு. நான் எண்ணிக்கையைச் சொல்ல, பிள்ளைக்கு இவ்வளவு என்று மனதில் கணக்குப் போட்டு அளந்து, முடிவில் ஒரு சாண் கூட விட்டுத்தான் கிழிப்பார். அந்த ஒரு சாணுக்குக் காசு வாங்கியதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் டவுன் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நான் எங்கள் சபையில் ஆராதனையில் இருந்தேன். ஏறக்குறைய 30 பேர் இறந்தார்கள். அதில் 14 பேர் சிறுவர்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். என் வகுப்புப் பிள்ளைகள் அல்ல. ஆனால் அதே வயது, அதே பாட்டு, அதே மனனவசனம். அன்றிலிருந்து பல மாதம், வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடும் சத்தம் கேட்டாலே என் வயிறு கலங்கும்.

அந்த வருடம் நவம்பரில் நான் காத்தான்குடிக்குப் போகவில்லை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் அந்த ஊர்க்காரன். கல்முனை பஸ்ஸில் போகும்போது, வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் தொடங்கும் இடத்தில் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒரு ஊரையே என் மனதில் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். ஜெபிக்காமல் இல்லை, ஒவ்வொரு நாளும் சமாதானத்துக்காக ஜெபித்தேன். அந்தச் சமாதானத்துக்குள் அந்தக் கடைக்காரர் இருக்கவில்லை.

2022-ல்தான் மறுபடி போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி எடுப்பித்தார். துணி ரோலை விரித்து, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையை என்னிடம் கேட்க அவருக்கு நா எழவில்லை என்று எனக்கு விளங்கியது. நான்தான் சொன்னேன்: “பதினொண்டு, காக்கா.” அண்ணனை அங்கே காக்கா என்பார்கள்.

அளந்தார், கிழித்தார், மடித்தார். மடித்த துணியின் மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னார்: “எண்ட வாப்பாவும் தம்பியும் தொழுதுகொண்டு இரிக்கக்கொள்ளதான் மவுத்தானாங்க, டீச்சர். எனக்குக் காய்ச்சல், வீட்டில படுத்திருந்த. சத்தம் கேட்டு ஓடிப் போனா, பள்ளி வாசல்ல செருப்பெல்லாம் அப்பிடியே கிடக்கு. வாப்பாட செருப்பைத்தான் முதல்ல கண்ட.”

இத்தனை வருடம் அந்தக் கடைக்குப் போனேன். ஒருநாளும் நான் கேட்டதில்லை.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, இஷாத் தொழுகை நேரம். காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் தமிழரான எங்கள் பெயரில் ஆயுதம் எடுத்தவர்கள். சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். “ஏன் இன்னும் அதை வைத்திருக்கிறார்கள், பூசிவிட்டால் என்ன?” என்று எங்கள் ஆட்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

எரேமியா தீர்க்கதரிசி தன் காலத்துத் தலைவர்களைப் பற்றிச் சொன்ன வார்த்தை இருக்கிறதே, சமாதானம் இல்லாதபோதே ‘சமாதானம் சமாதானம்’ என்று சொல்லி ஜனத்தின் காயங்களை ‘மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்’ என்று. அந்தச் சொல் என்னை இப்போது விடுவதேயில்லை. 2009-ல் யுத்தம் முடிந்த பிறகு இந்த மாவட்டத்தில் எத்தனை பூச்சு! வீதிக்குப் பூச்சு, பாலத்துக்குப் பூச்சு. சத்துருக்கொண்டானில் 1990 செப்டம்பர் 9-ல் குடும்பம் குடும்பமாகக் கொல்லப்பட்ட எங்கள் சனத்துக்கு நீதி எங்கே என்று கேட்டால் மட்டும், பழசைக் கிளறாதீர்கள் என்கிறார்கள். அரசாங்கம் சொல்வதை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். பிரசங்க மேடையிலிருந்து அதையே கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், ‘மன்னித்துவிடுங்கள் அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று அவசரப்படுத்துவது ஊழியம் அல்ல. அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டு இருக்க எங்களுக்குப் பொறுமையில்லை, அவ்வளவுதான்.

உயிர்த்த ஞாயிறு அன்று சாயங்காலம் நடந்ததை யோவான் எழுதிவைத்திருக்கிறார். பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த சீஷர்கள் நடுவில் இயேசு வந்து நிற்கிறார். ‘உங்களுக்குச் சமாதானம்’ என்கிறார். சொன்ன உடனே கைகளையும் விலாவையும் காட்டுகிறார். எட்டு நாள் கழித்துத் தோமாவுக்கும் அதையே காட்டுகிறார். மரணத்தையே ஜெயித்தவருக்குத் தழும்பை மறைப்பது ஒரு பெரிய காரியமா? மறைக்கவில்லை. அந்தக் காயத்தைச் செய்தவர்கள் யார் என்பதும் மறக்கப்படவில்லை. இன்றைக்கும் விசுவாசப் பிரமாணத்தில், அவரைச் சிலுவையில் அறையத் தீர்ப்புக் கொடுத்த பிலாத்துவின் பெயரைச் சொல்லித்தான் வருகிறோம். ஆனால் அந்தக் காயத்தைக் காட்டி அவர் யாரையும் பழிவாங்க அனுப்பவில்லை. எனக்கு நிலையான சமாதானம் என்ற நம்பிக்கை அந்த அறையில்தான் இருக்கிறது.

‘இதெல்லாம் கடைசிக் காலத்து அடையாளம், அவர் வரும்வரைக்கும் உலகத்தில் சமாதானம் வராது’ என்கிறவர்கள் என் சபையிலேயே இருக்கிறார்கள். காஸாவையும் உக்ரேனையும் போனில் பார்த்துவிட்டு அதைச் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. முழுச் சமாதானம் அவர் கொண்டு வருவதுதான், எங்கள் கையால் ஆகாது என்று நானும் விசுவாசிக்கிறேன். யுத்தங்களின் செய்திகளைக் கேள்விப்படுவீர்கள் என்று சொன்னவர், அதே மூச்சில் கலங்காதிருங்கள் என்றும் சொன்னாரே! கலங்காத ஆள் என்ன செய்வான்? எழும்பித் தன் வேலையைப் பார்ப்பான்.

அப்படிப் பார்த்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். பிரஜைகள் குழுவை நடத்திய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூனில் மரியாள் ஆலய வளவில் சுடப்பட்டார். மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய ஹெபர்ட் அடிகளார், காத்தான்குடிச் சம்பவம் நடந்து 12-ம் நாள், வாழைச்சேனையிலிருந்து வெஸ்பாவில் புறப்பட்டார். அவரும் கூட வந்தவரும் வீடு வந்து சேரவேயில்லை. காணாமல்போனவர்களின் விபரங்களை வருடக்கணக்காக எழுதி எழுதிச் சேர்த்த மில்லர் அடிகளார், 1948-ல் அமெரிக்காவிலிருந்து வந்தவர், கடைசியில் இங்கேயே கண்ணை மூடினார். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் அதே மரியாள் ஆலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவைச் சுட்டார்கள். அந்த வழக்கு 2021-ல் கைவிடப்பட்டது, ஒருவருக்கும் தண்டனை இல்லை. உயிர்த்த ஞாயிறு விசயத்திலாவது 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. காசு பிள்ளையைத் தராது. ஆனாலும் தவறு நடந்தது என்று ஒரு நீதிமன்றம் வாய்விட்டுச் சொன்னது பெரிய விசயம். சத்துருக்கொண்டான் தாய்மாருக்கும் காத்தான்குடி உம்மாமாருக்கும் அந்த ஒரு வார்த்தைகூட இன்னும் கிடைக்கவில்லை.

அந்தத் தாய்க்கு இப்போது பதில் சொல்கிறேன். டவுனில் துணி இருக்கிறது, தங்கச்சி. விலையும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் பிள்ளைகள் தங்கள் காயத்தை மட்டும் தெரிந்து வளர்ந்தால், அடுத்த முறை யாரோ ஒருவன் வந்து அந்தக் காயத்தைக் காட்டியே அவர்கள் கையில் ஆயுதம் கொடுப்பான். என் தலைமுறைக்கு அதுதான் நடந்தது. செருப்புக் கதையை அந்தக் காக்காவின் வாயால் அவர்கள் கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் கேள்விகளை அவரும் கேட்க வேண்டும். அவரிடம் கேட்டேன். முதலில் தயங்கினார். “சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லணுமா?” என்றார். பிறகு, வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை பின்னேரம் கூட்டி வாங்க என்றார்.

ஐந்து பிள்ளைகளில் மூன்று வீட்டில் ஓம் சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் பயம். அந்தப் பயத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்று வருடம் நானும் அதே பயத்தோடுதான் இருந்தேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிய அந்த இரண்டு வீட்டுக்கும் போகிறேன். வருவதாக முதலே சொல்லியும் அனுப்பியிருக்கிறேன்.