ஓராண்டுத் தடை யாரைத் தடுக்கிறது?

தான் சட்டம் வடித்த மருந்துத் துறைக்கே பதவி முடிந்ததும் வேலைக்குப் போன அமெரிக்க அரசியல்வாதி பில்லி டோசான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. என் கோபமே அதில்தான்.

லூசியானாவிலிருந்து 1980-ல் ஜனநாயகக் கட்சிக்காரராக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர். 1995-ல் குடியரசுக் கட்சிக்கு மாறினார். 2001-ல் எரிசக்தி, வணிகக் குழுவின் தலைவரானார். மருந்து தொடர்பான மசோதாக்கள் அந்தக் குழு வழியாகத்தான் போகவேண்டும். முதியோரின் மருந்துச் செலவை அவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேர்த்த 2003 சட்டத்தை வடித்தவர்களில் அவர் முக்கியமானவர். நவம்பர் 22 அதிகாலையில் வாக்கெடுப்பு. 15 நிமிடத்தில் முடியவேண்டியதை ஏறத்தாழ மூன்று மணி நேரம் இழுத்து, 220-215 என்று நிறைவேற்றினார்கள்.

அந்தச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு இருந்தது: மருந்து விலையில் அரசு தலையிடக் கூடாது. காப்பீட்டு நிறுவனங்கள் தனித்தனியாகப் பேரம் பேசலாம். அத்தனை முதியவர்களுக்கும் சேர்த்து மெடிகேர் பேசக் கூடாது. முன்னாள் படைவீரர் துறையோ பேரம் பேசித்தான் மருந்து வாங்குகிறது!

2005 ஜனவரியில் பதவி முடிந்த கையோடு, மருந்து நிறுவனங்களின் சங்கமான ஃபார்மாவுக்கு டோசான் தலைவரானார். ஆண்டுச் சம்பளம் சுமார் 20 லட்சம் டாலர் என்று அப்போதே செய்தி வந்தது. இடையில் புற்றுநோயிலிருந்து மீண்டவர் அவர். மருந்தின் அருமையை உணர்ந்தவர் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக அந்த நாற்காலி சரியாகிவிடாது.

விதியில் ஓட்டை எங்கே? முன்னாள் பிரதிநிதி ஓராண்டுக்குப் பிறருக்காக காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களையோ ஊழியர்களையோ அணுகக் கூடாது. செனட்டருக்கு 2007 சட்டம் அதை இரண்டாண்டாக்கியது. ஆனால் யாரைப் பார்க்கலாம், எந்த வரியை எப்படித் திருத்தலாம் என்று அறைக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தடையில்லை. லாபியிஸ்ட், அதாவது சட்டம் இயற்றுவோரிடம் பிறருக்காக ஆதரவு திரட்டுபவர், பெயரைப் பதிவதிலும் இதே கதை. ஒரு வாடிக்கையாளருக்காகச் செலவிடும் நேரத்தில், மூன்று மாதக் கணக்கில், 20 சதவீதத்துக்குக் குறைவாகவே லாபி வேலை என்றால் லாபியிஸ்ட் என்று பெயரைப் பதியவே வேண்டாம். 'ஆலோசகர்' என்று அட்டை அடித்தால் போதும்.

2007 சட்டத்தின்படி, பிரதிநிதி பதவியில் இருக்கும்போதே அடுத்த வேலைக்குப் பேசினால் மூன்று வேலை நாளுக்குள் நெறிமுறைக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் போதாது, பேசவே கூடாது என்பது என் கருத்து. தடைக் காலம் குறைந்தது ஐந்தாண்டு வேண்டும், திரைமறைவு ஆலோசனையும் அதில் அடங்கவேண்டும்.

2009-ல் சுகாதாரச் சீர்திருத்தத்துக்குப் பத்தாண்டில் 8,000 கோடி டாலர் விட்டுக்கொடுக்க வெள்ளை மாளிகையோடு உடன்பாடு கண்டது டோசான் தலைமையிலான அதே சங்கம்தான். 2010-ல் வந்த சீர்திருத்தச் சட்டம் அந்தப் பேரத் தடையைத் தொடவில்லை. தடையை ஓரளவு தளர்த்தியது 2022 சட்டம். அதுவும் முதல் சுற்றில் பத்தே மருந்துகளுக்கு. அவற்றின் புது விலையும் 2026 ஜனவரி 1 முதல்தான்.