வெந்நீரில் தேன் சரகர் சொன்னதா?
"காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் தொப்பை கரையும், ஆயுர்வேதமே சொல்கிறது" என்று தொப்பையைக் குறைப்பது பற்றிய ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்கள். சரகர் பெயரில் உள்ள பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை உடல் பருமனுக்குத் தேனைச் சொல்வது உண்மைதான். ஆனால் தேனோடு சூடு சேரக் கூடாது என்று எச்சரிப்பதும் அதே நூல்தான். அங்கே வரகு, பார்லி, கொள்ளு, பாசிப்பயறு, நெல்லிக்காய், உடலுழைப்பு என்று போகும் நீண்ட பட்டியலில் தேனும் ஒன்று, அவ்வளவுதான். வரகையும் உழைப்பையும் விட்டுவிட்டு இனிப்பாக இருந்ததை மட்டும் நாம் உருவிக்கொண்டோம். தண்டையார்பேட்டையில் என் மாமனார், சர்க்கரை நோயாளி, டீயில் கால் ஸ்பூன் சீனி விழுந்தாலே சண்டைக்கு வருவார்; ஆனால் காலையில் இரண்டு மேசைக்கரண்டி தேன் தவறாது. அதில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்றால் "அது மருந்துப்பா" என்பார். அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஒல்லியானவர்களுக்குத் தொப்பை பற்றிக் கவலையில்லை என்கிறார். காசிமேட்டில் விடியுமுன்னே மீன் ஏலத்துக்குப் போகும் என் மச்சானுக்குக் கைகால் குச்சிதான், லுங்கி முடிச்சுக்கு மேல் வயிறு மட்டும் தள்ளி நிற்கும். ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்தது. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்; எடை மெஷின் இதைக் காட்டாது. தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு: பகல் தூக்கம் பருமனைக் கூட்டும் என்று சரகரும் எழுதியிருக்கிறார், இரவு வேலை வளர்சிதை மாற்றத்தைக் குலைக்கும் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. சரி, ராத்திரி முழுக்க வேலை பார்ப்பவன் பகலில் தூங்காமல் எப்போது தூங்குவான்? அதற்கு அந்தக் கட்டுரையில் ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.