ஆறுக்கு ஆறு வெற்றி, ஆறுக்கு ஆறு தோல்வி: ஒலெக் ரொமான்ட்சேவ்

1995 இல் ரஷ்யக் கால்பந்து கிளப்பான ஸ்பார்ட்டக் மாஸ்கோ, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆறு ஆட்டம் ஆடியது, ஆறிலும் ஜெயித்தது. போட்ட கோல் 15, வாங்கியது 4. 2002 இல் அதே கிளப், அதே சுற்று, ஆறு ஆட்டம், ஆறிலும் தோல்வி. போட்டது ஒன்று, வாங்கியது 18. இரண்டு தடவையும் பயிற்சியாளர் ஒரே ஆள்தான், ஒலெக் ரொமான்ட்சேவ்.

சோவியத் கால்பந்து என்றால் கோல்கீப்பர் யாஷின், பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ரொமான்ட்சேவ் பெயர் வந்தால் 2002 உலகக் கோப்பைத் தோல்வியும் உம்மென்ற முகமும்தான் பலருக்கு நினைவு. அது நியாயமில்லை. பணமில்லாத ஒரு பத்தாண்டில் பாஸ் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர் அவர். அதைக் குலைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

1954 இல் ரியாசான் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்து, சைபீரியாவில் கிராஸ்நோயார்ஸ்க்கில் வளர்ந்தவர். அந்த ஊர் அவ்தோமொபிலிஸ்ட் அணியில் ஆடிவிட்டு 1976 இல் ஸ்பார்ட்டக்குக்கு வந்தார். அந்த ஆண்டுதான் ஸ்பார்ட்டக் முதல் முறையாக உயர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. கான்ஸ்டான்டின் பெஸ்கோவ் 1977 இல் பொறுப்பேற்று அணியை ஒரே ஆண்டில் மேலே கொண்டுவந்தார். 1979 இல் சோவியத் சாம்பியன். அந்த அணியின் லெஃப்ட் பேக் (இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர்) ரொமான்ட்சேவ், பிறகு கேப்டனாகவும் இருந்தார். தேசிய அணிக்கு 15 ஆட்டம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வெண்கலம்.

பெஸ்கோவிடம் கற்றது என்ன என்று புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். முதலில் ஒரு பயிற்சி, ரஷ்யர்கள் அதை 'க்வத்ராத்' என்கிறார்கள், சதுரம் என்று பொருள். ஏறக்குறைய பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம், ஓரங்களில் ஐந்து பேர், நடுவில் பந்தைப் பறிக்க இரண்டு பேர். பந்தை ஒரே தொடலில் கொடுக்க வேண்டும். பாஸைத் தவறவிட்டவன் நடுவுக்குப் போகிறான். பார்க்கப் பொழுதுபோக்கு மாதிரி இருக்கும், ஆனால் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாக்குப்பிடிக்க முடியாது. உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி நிற்பது, சக வீரனுடைய எந்தக் காலுக்குக் கொடுப்பது என்று பார்ப்பது, கொடுத்ததும் ஓரடி நகர்ந்து புதுக் கோணம் தருவது, இவை அங்கேதான் பழகும்.

அடுத்தது 'ஸ்தேன்கா', சுவர். நம் பையன்கள் ஒன்-டூ என்பார்கள். கொடுத்தவன் ஓட, வாங்கியவன் சுவர்போல ஒரே தொடலில் அவனுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். கொடுத்தவன் தன் பாஸை நின்று வேடிக்கை பார்த்தால் அரை நொடி போச்சு, எதிர் டிஃபெண்டர் திரும்பிவிடுவார். சுவராக நிற்பவன் பந்தை ஒரு முறை நிறுத்திவிட்டால் ஓடுகிறவன் எதிர் டிஃபெண்டர்களைத் தாண்டிப்போய் ஆஃப்சைடில் மாட்டுவான். மூன்றாவது, லெஃப்ட் பேக் வெளிப்பக்கமாகத் தன் மிட்ஃபீல்டரைத் தாண்டி ஓடுவது. அவர் போனதும் பின்னால் முப்பது மீட்டர் திறந்து கிடக்கும். தடுப்பு மிட்ஃபீல்டர் அந்தப் பக்கம் சரியாவிட்டால் ஒரு நீளப் பந்தில் கதை முடிந்துவிடும். அந்த ஓட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஓடியவர் பயிற்சியாளரானதால்தான் அவருடைய அணிகளில் விங்கும் பேக்கும் அவ்வளவு ஒட்டி ஆடின என்பது என் கருத்து.

ஓய்வுக்குப் பிறகு நேராகப் பெரிய அணிக்குத் தாவவில்லை. மாஸ்கோவின் சின்ன கிளப்பான க்ராஸ்நயா ப்ரேஸ்ன்யா, பிறகு ஓர்ஜோனிகித்ஸே ஸ்பார்ட்டக் (இன்றைய விளாதிகாவ்காஸ்). 1989 தொடக்கத்தில் பெஸ்கோவின் இடத்தில் அவரை உட்கார வைத்தவர் கிளப்பைத் தோற்றுவித்த நிகோலாய் ஸ்தரோஸ்தின். அப்போது ரொமான்ட்சேவுக்கு வயது 35. அந்த அக்டோபரில் டைனமோ கீவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வலேரி ஷ்மாரோவ் அடித்த ஃப்ரீ கிக் உள்ளே போனது, 2-1. முதல் ஆண்டிலேயே சோவியத் பட்டம்.

1990-91 ஐரோப்பியக் கோப்பையில் மாரடோனாவின் நேப்போலியை பெனால்டியில் வெளியேற்றினார்கள். காலிறுதியில் ரியல் மாட்ரிட். மாஸ்கோவில் 0-0. மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் ரியல் வீரர் புத்ரகேனோ முதலில் கோல் போட்டுவிட்டார். ஒடுங்கிப் பின்வாங்கவில்லை, ரத்சென்கோ இரண்டு, ஷ்மாரோவ் ஒன்று, 3-1. நாடே உடைந்துகொண்டிருந்த ஆண்டு அது. அரையிறுதியில் மார்செய் வழிமறித்தது. 1992 இல் லிவர்பூலை மாஸ்கோவில் 4-2, அவர்களுடைய ஆன்ஃபீல்டு மைதானத்தில் 2-0 என்று இரண்டு இடத்திலும் வீழ்த்தினார்கள்.

இப்போது 1995. செர்செசோவ் கோல்கீப்பர், பின்னால் நிகிஃபொரோவ், ஒனொப்கோ, முன்னால் யூரான். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் வீரர்கள் இருவர், பாட்டியும் லெ சோவும், மாஸ்கோ மைதானத்திலேயே தங்களுக்குள் கைகலந்துகொண்டது அந்தக் குழுச் சுற்றில்தான். நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் ரோசன்போர்க்கிடம் 0-2 என்று பின்தங்கி, 4-2 என்று முடித்ததும் அப்போதுதான்.

காலிறுதி 1996 மார்ச்சில். ரஷ்ய லீக் அன்றைக்கு வசந்தத்தில் தொடங்கி நவம்பரில் முடியும். அதனால் டிசம்பருக்குப் பிறகு மூன்று மாதம் போட்டி ஆட்டமே கிடையாது. எதிரணியான பிரான்ஸின் நாந்தோ லீக் நடுவில் சூடாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்த இடைவெளியில் செர்செசோவ் இன்ஸ்ப்ரூக்குக்கும், ஒனொப்கோ ஓவியேதோவுக்கும், யூரானும் குல்கோவும் மில்வாலுக்கும் போய்விட்டார்கள். முதுகெலும்பே போயிற்று. நாந்தில் 0-2. மாஸ்கோவில் நிகிஃபொரோவ் இரண்டு கோல் போட்டுச் சமன்செய்தும், ஆட்டம் 2-2 இல் முடிந்து வெளியேறினார்கள்.

அன்று ரொமான்ட்சேவ் கிளப்பின் தலைவர், தேசிய அணியின் பயிற்சியாளர், இரண்டு நாற்காலியும் அவருடையது. அணியை ஆடவைக்கும் பொறுப்பை நண்பர் கியோர்கி யார்ட்செவிடம் கொடுத்திருந்தார். கிளப்பின் சம்பளப் பட்டுவாடா வீரர்களை விற்றுத்தான் நடந்தது, உண்மைதான். ஆனால் ஐரோப்பாவில் எட்டில் ஒன்றாக நின்ற அணியை மூன்று மாதம் கட்டிவைக்க ஒரு தலைவர் போராடியிருக்க வேண்டும். தலைவர் ரொமான்ட்சேவிடம் அணிக்காகச் சண்டை போட வேறு ஆளில்லாமல் போனதுதான் பிரச்சினை. யூரோ 96 இல் தேசிய அணியும் இத்தாலி, ஜெர்மனியிடம் தோற்று, செக் அணியோடு 3-3 செய்துவிட்டுத் திரும்பியது.

அதற்குப் பிறகும் எழுந்தார். திதோவ், திகோனோவ், திசிம்பலார், அலேனிச்செவ் இருந்த அணியை 1998 இல் யூஃபா கோப்பை அரையிறுதிவரை கொண்டுபோனார். அங்கே இத்தாலியின் இன்டர் மிலானுடன் மாஸ்கோவில் ஆடிய மைதானம் வெறும் சேறு. ஒரே தொடல் ஆட்டத்துக்குச் சேற்றைப் போல விஷம் வேறில்லை, பந்து பாதியில் நின்றுவிடும். அந்தச் சேற்றில் தனியாளாகப் பந்தை ஓட்டிக்கொண்டு போகும் இன்டரின் பிரேசில் வீரர் ரொனால்டோவுக்குத்தான் கொண்டாட்டம். இரண்டு கோல் போட்டார். 2000 இல் ஆர்சனலுக்கு மாஸ்கோவில் 4-1. 2001 வரையில் பயிற்சியாளராக எட்டு ரஷ்யப் பட்டங்கள்.

ஆனால் கேப்டன் திகோனோவை 2000 இலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். கிளப் கைமாறியது. பருவத்துக்குப் பருவம் புதுமுகங்கள் வந்தார்கள், போனார்கள். இந்த ஆட்டத்தை ஒருவன் காலுக்குக் கொண்டுவர ஓரிரண்டு ஆண்டு சதுரத்தில் நிற்க வேண்டும். ஆறு மாதத்தில் போகிறவனுக்கு அது வராது. 2002 உலகக் கோப்பையில் ரொமான்ட்சேவின் ரஷ்ய அணியில் மிட்ஃபீல்டர் மோஸ்தவோய் காயத்தால் உட்கார, ஜப்பானிடம் 0-1, பெல்ஜியத்திடம் 2-3. அதே ஆண்டுதான் அந்த 18 கோல்: லிவர்பூலிடம் 0-5, 1-3, வலென்சியாவிடம் இரண்டு முறை 0-3, பாசெலிடம் இரண்டு முறை 0-2.

2003 ஜூனில் ரோஸ்தோவ் அணியை 1-0 என்று வென்று ரஷ்யக் கோப்பையை எடுத்துக் கொடுத்தார். அந்த ஆட்டத்தோடு கிளப் அவரை வேலையை விட்டு அனுப்பியது. பிறகு சதூர்ன், டைனமோ மாஸ்கோ என்று கொஞ்ச காலம். 2005 இல் டைனமோவை விட்டு வந்தபோது அவருக்கு வயது 51.