ஹோலில் பேய்ப் படம் கொழுவலாமா?

போன கிழமை வீட்டுக்கு வந்த மாமி ஒருவர் ஹோலுக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். "என்ன பிள்ளை, வீட்டுக்குள்ள பிரேதத்தைக் கொழுவி வைச்சிருக்கிறாய்?" அவர் பார்த்தது 1932இல் வந்த 'தி மம்மி' படத்தின் போஸ்டர். அதற்குப் பக்கத்தில் 1922இன் ஜெர்மன் பேய்ப் படம் 'நொஸ்ஃபெராட்டு', எதிர்ச் சுவரில் எங்கள் தமிழ்ப் படம் 'அதே கண்கள்'. மூன்றையும் கழற்றச் சொன்னார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் நான் கழற்றப் போவதில்லை. தேத்தண்ணீர் குடித்து முடிவதற்குள் அதற்கான காரணத்தை அவருக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பயங்கரமான உருவம் வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள். புது வீடு கட்டும்போது கண்ணூறு படாமல் இருக்க நாக்கை நீட்டிய பூத முகத்தை நாங்கள்தானே முகப்பில் கட்டுகிறோம்? இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மரையும், கபாலம் ஏந்திய வைரவரையும் பார்த்துத்தானே வளர்ந்தோம்? சாமிப் படத்தோடு சினிமாப் படத்தை ஒப்பிட நான் வரவில்லை. சாமி அறைப் பக்கம் ஒரு போஸ்டரும் போகாது, சின்னப் பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் போகாது. ஆனால் பயமூட்டும் முகம் என்றாலே துர்ச்சகுனம் என்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை.

சரி, சகுனத்தை விடுங்கள். இவை அழகானவை. எனக்கு அதுதான் முதல் காரணம். 'மம்மி' போஸ்டரை உருவாக்கிய கரோலி குரோஸ், ஹொலிவுட்டின் யூனிவர்சல் படநிறுவனத்தின் விளம்பர ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஹங்கேரியர். பெட்டிக்குள் கைகளைக் குறுக்கே மடித்து நிற்கும் பிணம், அதன் முன்னால் சிவப்பு உடையில் ஒரு பெண். படத்தில் வராத நிறத்தை எல்லாம் அந்த ஒரு தாளில் கொட்டியிருக்கிறார். படமோ கறுப்பு வெள்ளை. அந்தக் காலப் போஸ்டர்கள் லித்தோ முறையில் அச்சானவை. கல்லிலோ தகட்டிலோ எண்ணெய்ப் பசையுள்ள கட்டியால் வரைந்து, தண்ணீர் பூசி, மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். 1796இல் இந்த முறை பிறந்தது பவேரியாவின் சுண்ணாம்புக்கல்லில். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் கிடக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோசம்.

இன்னொரு விசயம், இந்தத் தாள்கள் எறியப்படுவதற்காகவே அச்சானவை. 27 அங்குல அகலம், 41 அங்குல உயரம். மடித்துத் தியேட்டருக்கு அனுப்புவார்கள், ஒரு தியேட்டரில் முடிந்தால் அடுத்ததற்குப் போகும், கிழிந்தால் குப்பைக்கு. அதனால்தான் தப்பிய 'மம்மி' போஸ்டர் ஒன்று 1997இல் நியூயோர்க் ஏலத்தில் 4,53,500 டொலருக்குப் போனது. 'நொஸ்ஃபெராட்டு'வுக்கு நடந்தது இதைவிட மோசம். 'டிராகுலா' நாவலை அனுமதி இல்லாமல் படமாக்கியதற்காக அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில், படப் பிரதிகளை எல்லாம் அழிக்கும்படி 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கோ ஒளிந்து கிடந்த பிரதிகளால்தான் இன்றைக்கு அது இருக்கிறது.

தாள் அழிவது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1981இல் நூலகத்தோடு எரிந்தவற்றை விடுங்கள், எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். சித்தப்பா ரீகல் தியேட்டரில் இரண்டாம் காட்சி பார்த்துவிட்டு, பனைகளுக்கு நடுவே இருட்டில் சைக்கிள் மிதித்துக் கொக்குவிலுக்கு வருவாராம். பேய்ப் படம் பார்த்த இரவில் பெல்லை அடித்துக்கொண்டே வருவாராம். பார்த்த படங்களின் நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தார். 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது அரிசியையும் காணி உறுதிகளையும் எடுத்தார்கள், பெட்டியை விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது கூரையே இல்லை. அவர் எந்தெந்தப் படத்துக்குப் பயந்தார் என்பதற்கு இப்போது ஒரு துண்டுத் தாள்கூடச் சாட்சி இல்லை.

என்னிடம் உள்ள இரண்டு வெளிநாட்டுப் போஸ்டரும் மறுபதிப்பு, கேட்பவருக்கு அப்படியே சொல்வேன். பொய்யான மடிப்புக்கோடும் பொய்யான கறையும் போட்டுப் 'பழசு' என்று விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 'அதே கண்கள்' மட்டும் அசல், 1967. சென்னையில் ஒரு பழைய தாள் கடையில் கிடைத்தது. அதை நான்தான் காப்பாற்றத் தவறினேன். பிறேம் போடக் கொடுத்த இடத்தில் பசை பூசி ஹார்ட்போர்டில் ஒட்டிவிட்டார்கள், கண்ணாடியும் தாளை முட்டியபடி இருந்தது. கார்த்திகை மழையில் வெளிச்சுவரின் ஈரம் ஏறி, ஒரு மூலை முழுக்கப் பூஞ்சணம். அந்தக் கறை இனிப் போகாது.

ஆகவே கொழுவ விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பசையும் வேண்டாம், லமினேட்டும் வேண்டாம். அமிலமில்லாத அட்டையில் வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரை விட்டு உள்சுவரில், வெயில் நேரே படாத இடத்தில் கொழுவுங்கள். விறாந்தை வேண்டவே வேண்டாம். பிறேமின் பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போகட்டும், இல்லையென்றால் கறையான் வந்ததே தெரியாது. ஒரு சுவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நிறையக் கொழுவினால் ஒன்றும் கண்ணில் நிற்காது.

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயோ பெட்டியின் அடியிலோ பழைய படநோட்டீசு, போஸ்டர் ஏதும் தப்பிக் கிடந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். எனக்கு விற்கவும் வேண்டாம். ஒரு சொல் சொல்லுங்கள், வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறேன். சித்தப்பாவுக்கும் காட்ட வேண்டும்.