எம்மாவைக் கொன்றது கனவா, புரோநோட்டா?

பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் பிளாபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலைப் பற்றி எங்கள் கோத்தகிரி வாசகர் வட்டத்தில் பேச்சு வந்தபோது, பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: அதன் நாயகி எம்மா நாவல்களைப் படித்துப் படித்து மனம் கெட்டவள், எட்டாத வாழ்வுக்கு ஆசைப்பட்டவள், அதனால் அழிந்தாள். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

எம்மாவின் கனவு வெறிதான், மறுக்கவில்லை. கன்னிமாடத்தில் படித்த காலத்தில், துணி தைக்க வரும் முதிய பெண்மணி ஒளித்துக் கொண்டுவந்த காதல் கதைகளில் அது முளைக்கிறது. வோபியேசார் மாளிகையின் நடன விருந்தோடு வேர் பிடிக்கிறது. அன்று அணிந்த பட்டுக் காலணிகளின் அடிப்பகுதியில் மாளிகைத் தரையின் மெழுகு மஞ்சளாக ஒட்டியிருக்க, அவள் அவற்றை அப்படியே அலமாரியில் பத்திரப்படுத்துகிறாள். பிறகு பாரிஸ் நகர வரைபடம் ஒன்றை வாங்கி, விரல் நுனியால் தெருத்தெருவாக நடந்து, முனைக்கு முனை நின்று பார்க்கிறாள். கிராம வைத்தியனின் மனைவிக்கு வாய்த்த பாரிஸ் அவ்வளவுதான். இதை வாசிக்கையில் எனக்கு அவள்மேல் கோபம் வருவதில்லை.

என் கவனம் துணிக்கடைக்காரர் லெரோவின் மேல்தான். அவர் எதையும் வற்புறுத்தி விற்பவரல்லர். பணத்துக்கு என்ன அவசரம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் வியாபாரம். எம்மாவின் கணவன் சார்ல் செய்த அறுவை சிகிச்சை பாழாகிக் கால் இழந்த இப்பொலித்துக்கு மரக்கால் வரவழைத்துக் கொடுப்பவரும் அவரே. அந்தச் சாக்கில்தான் வீட்டுக்குள் அடிக்கடி வந்துபோகிறார். ஒரு குடும்பத்தின் ஆசைக்கும் அவமானத்துக்கும் ஒரே கணக்குப் புத்தகம். புரோநோட்டுகள் புதுப்பிக்கப்பட்டு, கைமாறி, கடைசியில் 24 மணி நேரத்துக்குள் 8,000 பிராங்க் கட்டச் சொல்லும் நீதிமன்ற உத்தரவாக வந்து நிற்கின்றன. அப்போதைய காதலன் லியோனிடமும் பத்திர எழுத்தரிடமும் பழைய காதலன் ரொதோல்ஃபிடமும் அவள் கை நீட்டுகிறாள். ஒரு கையும் திறக்கவில்லை. அவள் விழுங்கும் ஆர்செனிக் நஞ்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

1857-இல் பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் அவமதித்ததாக இந்த நாவல்மீது வழக்கு நடந்தது, பிளாபேர் விடுதலையானார். அரசு வழக்கறிஞர் பினார் சுட்டிய குற்றங்கள் கள்ளக்காதல் காட்சிகளும் மரணப்படுக்கைக் காட்சியும்தாம். இன்றும் நாம் அவர் நின்ற இடத்தில் நின்றே எம்மாவை விசாரிக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு லெரோவை அடையாளம் தெரியாமல் போகலாமா? தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பச்சைத்தேயிலைக்கு நல்ல விலை கிடைத்தபோது, ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், மாடி வீட்டுக் கனவு காணாதவர் குறைவு. விலை சரிந்தபின், மாடிக்கென்று விட்ட கம்பிகள் துருப்பிடித்து நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பேராசைதான் காரணம் என்று ஊர் சொன்னது. மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்து, அதற்கு ஈடாக வருகிற இலையையெல்லாம் தனக்கே போடவைத்த ஏஜெண்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தோட்டம் வைத்திருந்தவர் மட்டும் தலைகுனிந்து நடந்தார்.

எம்மா குற்றமற்றவள் என்று வாதாடவும் நான் வரவில்லை. தன்னை நாடி வந்த குழந்தை பெர்த்தை அவள் தள்ளிவிடுகிறாள். கன்னத்தில் காயம்பட்டுத் தூங்கும் மகளைப் பார்த்து, எவ்வளவு அசிங்கமாக இருக்கிறாள் என்று நினைக்கிறாள். மன்னிக்க முடியாத பக்கம் அது. ஆனால் பெற்றோர் இருவரும் இறந்தபின் அதே பெர்த் பஞ்சாலைக்குக் கூலி வேலைக்குப் போக நேர்வதற்குக் கடனும்தானே காரணம்? லெரோவோ கடைசிவரை செழிப்பாகவே இருக்கிறார். அடுத்த கூட்டத்தில், பலரும் வேகமாகப் புரட்டிவிடுகிற மூன்றாம் பாகத்துக் கடன் பக்கங்களை வாய்விட்டு வாசித்த பிறகே எம்மாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.