டோர்செஸ்டரைக் கட்டியவர் மெசல் அல்ல

தம்பி, பிரிட்டிஷ் மேடை வடிவமைப்பாளர் ஒலிவர் மெசல் “சினிமாவில் பேர் எடுத்து, பிறகு லண்டன் டோர்செஸ்டர் ஹோட்டலைக் கட்டினவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை. அந்த ஹோட்டல் 1931இலேயே திறந்துவிட்டது, கட்டடக்கலைஞர் வேறொருவர். மெசல் கைவைத்தது 1953இல், உள்ளே ஓர் அறைத்தொகுதியை அலங்கரிக்க. அதற்கு அவர் பெயரே வைத்ததால் வந்த குழப்பம் போல.

பேர் கிடைத்ததும் மேடையில்தான். 1932இல் லண்டனில் ஒரு நாடகத்துக்கு முழு வெள்ளையில் படுக்கையறை போட்டார். ஊரே அதைத்தான் பேசியது. சினிமா அதற்குப் பிறகு. 1946இல் லண்டன் கொவென்ட் கார்டன் அரங்கு மீண்டும் திறந்தபோது ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பாலேவுக்குக் காட்சியும் உடையும் அவருடையவை. துணிக்குக் கூப்பன் இருந்த காலம் அது! புகைபிடிக்கும் பைப்பைத் துடைக்கும் கம்பியும் ஒட்டுத்தாளும் கிடைத்தால் போதும், நகை செய்துவிடுவார்.

இது மட்டக்களப்பானுக்குப் புதினம் இல்லை. வடமோடிக் கூத்து அரசனின் முடியைக் கிட்டப் பாருங்கள்: அட்டை, பசை, ஓரம் கிளம்பிய மினுங்கல் தாள். கூத்தாடும் களரியில் வெளிச்சம் பட்டால் தங்கம்.

இன்னொன்று. போர்க்காலத்தில் அவர் இராணுவத்தில் உருமறைப்பு அதிகாரி. காவலரண்களை வைக்கோல் போர் மாதிரி ஒப்பனை செய்தவர். (நாம் பார்த்த காவலரண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

வீடு கட்டினவர் என்றுதான் சொல்ல வேண்டுமா? சரி, கரீபியனில் உள்ள பார்பேடோசையும் மஸ்டிக் தீவையும் சொல்லுங்கள். கடைசிக் காலத்தில் அங்கேதான் வீடுகள் வடிவமைத்தார்.